பி ஷெட்யூல்

எங்கள் வீட்டின் பாகப்பத்திரத்தை
நானேதான் டைப் அடித்தேன்.
மஞ்சக்குப்பத்தில், ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவே
பதினெட்டு வருஷமாய்
அடுத்தவர் வீடுகளைப் பிரித்துக் கொடுத்த விரல்கள்.

கீழ்த்தளம் தம்பி மாசிலாமணிக்கு, ஏ ஷெட்யூல்.
மேல்தளம் எனக்கு, பி ஷெட்யூல்.
கிணறு பொது. மோட்டார் பொது.
உள்படி அவனுக்கு;
நான் வெளியே இரும்புப்படி போட்டுக்கொள்ள வேண்டியது.
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
ஒரு எழுத்துப்பிழை இல்லை.

வெயிலை யார் பெயருக்கு எழுதுவது என்று
யாரும் கேட்கவில்லை.

கையெழுத்து காய்ந்த வாரமே
உள்படி முடிகிற இடத்தில் ஒரு பிளைவுட் பலகை.
எட்டு ஸ்குரூ.
என் பக்கம் நான்கு நான் முறுக்கினேன்,
அவன் பக்கம் நான்கு அவன்.

சித்திரையில் என் தளம் பழுத்தது.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மொட்டைமாடி ராத்திரி பத்து மணிக்குமேல்
என் கட்டிலில் கக்கியது.
குழாய்த் தண்ணீரில் அரிசி போடலாம்.
ஃபேன்,
ஆற்றத் தெரியாத டீ மாஸ்டர்.
மாடிக்கு வெள்ளையடித்தேன், தென்னை மட்டை பரப்பினேன்,
சாயங்காலம் பத்து வாளி ஊற்றினேன்.
ஏழாவது வாளிக்குக் கீழிருந்து
தம்பி மனைவி புனிதாவின் குரல்:
“மோட்டார் பொதுதானே?”

கீழே எப்போதும் மார்கழி என்று
பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.
அங்கே சுவரில் உப்பு பூத்து உதிர்ந்ததும்
துவரம்பருப்பில் ஈரவாடை ஏறியதும்
பையனுக்கு இழுப்பு வந்ததும்
எனக்குத் தெரியாது.
அவர்கள் குளிர்ச்சி தேங்கி நாறியது,
என் சூடு அடைபட்டுக் கொதித்தது,
நடுவே முக்கால் அங்குலப் பலகை.

வைகாசியில் வாஷிங் மெஷின் வாங்கினேன்.
இரும்புப்படியின் திருப்பத்தில் அது திரும்ப மறுத்தது.
கடைப்பையன்கள் வியர்த்து நின்றார்கள்.
மாசிலாமணி ஸ்குரூடிரைவரோடு வந்து
“உள்ளாலதான் ஏத்தணும்” என்றான்,
பலகையைப் பார்த்து.

பலகை விலகியது.
என் புடவைத் தலைப்பு
தானாக மாடிக்கதவுப் பக்கம் எழுந்தது.
துணி காயப்போட்டு அந்தக் கதவை
நான் மூட மறந்திருந்தேன்.
அதன் வழியே சூடு ஏறி வெளியே போகப் போக
விட்ட இடத்துக்குக் கீழிருந்து ஒரு காற்று
படிப்படியாய் வந்தது,
செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி.
கூடவே கருவாட்டுக் குழம்பு,
பையனின் இருமல்,
டிவியில் யாரோ ஒருத்தியின் அழுகை.

சுவரில் மருந்துக் கம்பெனி இலவசமாய்த் தந்த வெப்பமானி.
காலையில் முப்பத்தெட்டு காட்டியது
மூன்று மணிக்கு முப்பத்தாறு.
தேவனாம்பட்டினத்துக் கடல்காற்று
கீழ் ஜன்னலில் நுழைந்த பிறகு
முப்பத்துமூன்று.
இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

“நாளைக்கு மாட்டிடறேன்” என்றான்.
நாளை ஞாயிற்றுக்கிழமை.
மறுநாள் முகூர்த்தம், எனக்குப் பதினோரு பத்திரம்.
அப்புறம் அவனுடைய ஸ்குரூடிரைவர் தொலைந்தது.
ஆனியும் பிறந்துவிட்டது.

சமாதானம் என்று நினைத்துவிட வேண்டாம்.
மோட்டார் பில்லுக்கு இன்னும் முகம் கோணுகிறது.
அவன் டிவி எனக்கு வில்லங்கம்,
என் தட்டச்சு அவனுக்கு.
ஒன்பதரை மணிக்கு மாடிக்கதவை நான் திறக்க வேண்டும்,
கிழக்கு ஜன்னலை அவன்.
ஒருவர் மறந்தால் இருவருக்கும் தூக்கமில்லை.
மறந்தவருக்குக் கைப்பிடியில்
சாவியால் இரண்டு தட்டு.
பேச்சு இன்னும் அவ்வளவுதான்.

எட்டு ஸ்குரூவும் பத்திரக் கவருக்குள் இருக்கின்றன.
பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று போட்டுவிடலாம்,
எழுதுகூலிகூட வேண்டாம்.
நேற்று உட்கார்ந்தும் பார்த்தேன்.
சொத்து விவரம்: காற்று.
நான்கெல்லை எழுதும் இடத்தில்
விரல் நின்றுவிட்டது.
கிழக்கே கடல் என்பதுவரைதான்
எனக்கு வருகிறது.